போதையில் சிக்கிய பெண்: இரண்டு படங்கள்

காரைக்குடியில் நண்பர்கள் கூடிப் பார்ப்பதற்கு, 1973இல் வெளிவந்த சுவீடன் படமான ‘த்ரில்லர்: எ குரூயல் பிக்சர்’, 1981இல் வந்த ஜெர்மன் படமான ‘கிறிஸ்டியானே எஃப்’ ஆகிய இரண்டும் முன்மொழியப்பட்டன. முன்னதில், வாய் பேசாத நாயகிக்கு வலுக்கட்டாயமாக ஹெராயின் ஏற்றிப் பாலியல் தொழிலில் தள்ளுகிறார்கள். அவள் துப்பாக்கியும் கராத்தேயும் பயின்று பழிதீர்க்கிறாள். அவள் சினம் நியாயமானதே. ஆயினும் அவளது துன்பத்தையே கேமரா விற்பனைச் சரக்காக்குகிறது, போதையோ அவளைக் கட்டிப்போடும் சங்கிலி என்பதற்கு மேல் விரிவதில்லை. பின்னதில், மேற்கு பெர்லின் சிறுமியும் அவள் காதலனும் ஓர் அறைக்குள் ஊசியைக் கைவிட முயன்று, நடுங்கி, வாந்தியெடுத்துத் துடிக்கிறார்கள். மீண்டுவிட்டார்கள் என்று நாம் நம்பும் வேளையில், முன்பு போதைக்காகச் சுற்றித் திரிந்த அதே ரயில் நிலையத்துக்குப் போய் மறுபடியும் வீழ்கிறார்கள். பிள்ளைகளை வெளியூர் விடுதிகளில் விட்டிருக்கும் பெற்றோர் நிறைந்த எங்கள் ஊருக்கு இதுவே ஏற்றது என்பேன்.