பேரிஜம் ஏரிக்கு சைக்கிள் பயணம் என்று பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்கு சைக்கிளில் கூட்டிப்போகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் சற்று நிதானியுங்கள். நான்கு பேருக்கு 8,600 ரூபாய் கட்டிவிட்டு ஏரித் தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறோம்.

சுற்றுலாப் பயணங்களை விற்கும் ஒரு ஆப்பில்தான் பதிவு செய்தேன். பேரிஜம் காட்டுக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது என்பது தெரியும். அதனால் ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்டதே அதைத்தான். "அண்ணா, பாரஸ்ட் பர்மிஷன் நம்ம பொறுப்பு. நீங்க வந்து சைக்கிள்ல ஏறினா போதும்" என்றான். முந்தின நாள் மாலை க்யூஆர் கோடு போட்ட சீட்டும் வந்தது. கூடவே "பாரஸ்ட் பர்மிஷன் ஓகே" என்று ஒரு மெசேஜ். என் பெயர், தேதி, அவர்கள் வேன் நம்பர் எல்லாம் இருந்தன. இதற்கு மேல் எதைச் சரிபார்ப்பது?

காலையில் மோயர் பாயிண்ட் அருகே சைக்கிள்களை இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. இரண்டு சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து, அழுத்தினால் இரும்பு உரசுகிற சத்தம். மலைச் சாலையில் அதை ஓட்டச் சொல்கிறார்கள்! சோதனைச் சாவடியில் இருந்த வனக்காவலர் என் போனை வாங்கி, சீட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "சார், இது மலைக்கு வர்ற வண்டிக்கான இ-பாஸ். பேரிஜத்துக்கு எங்க அனுமதி வேற."

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த அதே இ-பாஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். நாங்கள் அரசுப் பேருந்தில் வந்தவர்கள், அதைப் பார்த்ததே இல்லை. தலைப்பை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான். காசில்லாமல் கிடைக்கிற சீட்டைக் காட்டி 8,600 ரூபாய்!

போன் செய்தால், "இன்னைக்கு ரேஞ்சர் மாறிட்டார்ணா, வேணும்னா லேக்கைச் சுத்திட்டு வாங்க" என்கிறான். ஊருக்கு நடுவில் இருக்கிற ஏரியைச் சுற்ற 8,600 ரூபாயா? ஆப்காரர்களோ, "சேவை தொடங்கிவிட்டது, பணம் திரும்பாது" என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். அதிகாரியிடம் பேச வேண்டும் என்றால் லைன் கட்டாகிறது.

விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. பேரிஜம் அனுமதியை வனத்துறையிடம் நீங்களே நேரடியாக வாங்குங்கள். இ-பாஸை வன அனுமதி என்று நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் புகார் கொடுத்திருக்கிறேன். அப்புறம், வரும் மெசேஜையெல்லாம் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த "பர்மிஷன் ஓகே" மெசேஜை அன்று மதியமே அழித்துவிட்டான்.