லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியா, துறைசார் பட்டமா?

ஒரே தொழிலுக்கென்று இல்லாமல் கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் இளநிலைப் படிப்புக்கென்றே இயங்கும் சிறிய நிறுவனங்கள் என்பதால், வகுப்பில் மாணவர் குறைவு. கட்டுரையைப் பேராசிரியரே படித்துத் திருத்துகிறார். முதன்மைப் பாடத்தைப் பொதுவாக இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் அறிவித்தால் போதும். உயிரியல் படிக்க வந்தவர், தம் மனம் புள்ளியியலிலோ தத்துவத்திலோ ஒன்றுவதைக் கண்டுகொள்ள இந்த அவகாசம் இடம் தருகிறது. பள்ளி முடிக்கும் வயதில் எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் இந்த வாய்ப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

துறைசார் பட்டமோ முதல் பருவத்திலிருந்தே ஒரே திசையில் செல்கிறது. செவிலியம், கட்டடக்கலை, பொறியியல் ஆகியவற்றில் தொழில் உரிமத்துக்குப் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பட்டம் தேவைப்படுவதால், அவற்றில் உறுதியாக இருப்பவருக்கு இதுவே நேர்வழி. நடுவில் துறை மாறினால் ஓராண்டோ அதற்கு மேலோ கூடுதலாகப் படிக்க நேரலாம்.

பலர் நினைப்பதுபோல் இவை முற்றிலும் எதிரெதிரானவை அல்ல. 1955இல் நிறுவப்பட்ட ஹார்வி மட் கல்லூரி, லிபரல் ஆர்ட்ஸ் அமைப்புக்குள்ளேயே பொறியியல் பட்டம் வழங்குகிறது. வேறு சில கல்லூரிகளில் 3 ஆண்டுகள் படித்து, பின்னர் 2 ஆண்டுகள் ஒரு பொறியியல் கல்வி நிறுவனத்தில் பயின்று இரு பட்டங்களையும் பெறலாம். அந்நாட்டில் மருத்துவம் படிக்க விரும்புபவரும், தேவையான அறிவியல் பாடங்களை முடித்திருந்தால், வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொண்டே விண்ணப்பிக்க முடியும்.