லாரன்ஸ் டெய்லரா, ரெஜி ஒயிட்டா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் யார் என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமல் லாரன்ஸ் டெய்லர் என்பார்கள். என் ஓட்டு ரெஜி ஒயிட்டுக்கு. அதற்காக டெய்லரைக் குறைத்துப் பேச வரவில்லை, அவர் செய்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

1981-இல் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இரண்டாவது ஆளாக அவரை எடுத்தது. அந்த முதல் சீசனிலேயே என்.எஃப்.எல். லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கிவிட்டார். ஓரத்திலிருந்து பாயும் லைன்பேக்கரை (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஒரு ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவர்) நிறுத்திச் சமாளித்துவிடலாம் என்பதுதான் அதுவரை பயிற்சியாளர்கள் போட்ட கணக்கு. 107 கிலோ உடம்போடு டெய்லர் வந்த வேகத்தில் அது செல்லாமல் போனது. வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் இந்த ஒரு ஆளுக்காகவே ரன்னிங் பேக்கில் ஒருவரைக் குறைத்து, கூடுதலாக ஒரு டைட் எண்டை (வரிசையின் ஓரத்தில் நின்று மறிக்கும் பெரிய ஆள்) நிறுத்தித் தன் ஆட்டத்தையே மாற்றி அமைத்தார். 1986-இல் 20.5 சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்குள் பந்தோடு வீழ்த்துவதுதான் சாக்), லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் வெற்றி, எல்லாம் ஒரே சீசனில். 1988-இல் நியூ ஆர்லியன்ஸில் தோள்பட்டைத் தசை கிழிந்த நிலையிலும் இறங்கி 3 சாக் எடுத்தார், அந்த ஆட்டத்தை மட்டும் பார்த்தால் நானும் டெய்லர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

சரி, அப்புறம் ஏன் ஒயிட்?

முதலில் எண்ணிக்கை. டெய்லர் 184 ஆட்டங்களில் 132.5 சாக். லீக் சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982-இல்தான் என்பதால் அவருடைய முதல் சீசனின் 9.5 அதில் இல்லை, அதையும் சேர்த்தால் 142. ஒயிட் 232 ஆட்டங்களில் 198. எப்படிக் கூட்டினாலும் ஆட்டத்துக்கு ஒயிட்தான் கூடுதல். டெய்லர் லைன்பேக்கர், பாஸைத் தடுக்கப் பின்வாங்கும் வேலையும் அவருக்கு இருந்தது என்பார்கள், நியாயம்தான். ஆனால் ஒயிட் தடுப்பின் முன்வரிசையில் ஒவ்வொரு முறையும் தரையில் கையூன்றி, தன்னளவு எடையுள்ள ஆட்களுக்கு நேர் எதிரே நின்றவர். பல சமயம் அவருக்கு மட்டும் இரண்டு பேர் காவல். 1987-இல் வேலைநிறுத்தத்தால் அவர் ஆடியது 12 ஆட்டம்தான், எடுத்தது 21 சாக்!

அவருடைய ஹம்ப் மூவைப் பழைய வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெளிப்பக்கமாகச் சுற்றப் போவதுபோல் ஓடுவார், எதிரே இருக்கும் டேக்கிள் (குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்பவர்) அவரை மறிக்க வெளியே எடை மாறும் அந்த நொடியில், உள்பக்கக் கையை அவன் அக்குளுக்கடியில் கொடுத்து ஒரே வீச்சில் ஓரமாகத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே நுழைந்துவிடுவார். அப்படி எறியப்படுபவர்களும் 130 கிலோவுக்குக் குறையாதவர்கள்!

மைதானத்துக்கு வெளியேயும் வித்தியாசம் உண்டு. போதைப்பொருள் விவகாரத்தில் டெய்லர் 1988-இல் 4 ஆட்டங்கள் தடையில் உட்கார்ந்தார், அது அவருடைய அணிக்கு நஷ்டம். ஒயிட்டோ, வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமைக்காக லீக் மீது போடப்பட்ட வழக்கில் பெயர் கொடுத்து முன்னால் நின்றவர். 1993-இல் அந்த உரிமை கிடைத்ததும் அவர் தேர்ந்தெடுத்தது கிரீன் பே என்ற சின்ன ஊர். 1967 சீசனுக்குப் பிறகு பட்டமே பார்க்காத அந்த ஊரின் பேக்கர்ஸ் அணியை 1996 சீசனில் சூப்பர் பவுல் ஜெயிக்க வைத்தார், இறுதி ஆட்டத்தில் மட்டும் 3 சாக்.

கடைசிக் காலத்தையும் பார்க்க வேண்டும். 1992-இல் குதிகால் தசைநார் அறுந்த பிறகு டெய்லர் ஒரே ஒரு சீசன்தான் ஆடினார், அதில் 6 சாக். ஒயிட் 37 வயதைத் தொட்ட 1998 சீசனில் 16 சாக் எடுத்து மறுபடியும் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். முதல் தடவை அந்த விருதை வாங்கி 11 வருடம் ஆகியிருந்தது.