ஏழு வருடமாக ஒரே எட்ஜ் ஃபைண்டர்

சிஎன்சி மில்லிங் மெஷினில் ஜாப் ஜீரோ (ஜாப் என்ற வேலைத் துண்டில் அளவுகள் தொடங்கும் புள்ளி) எடுக்க நான் இன்னமும் நம்புவது 10 மி.மீ. மெக்கானிக்கல் எட்ஜ் ஃபைண்டரைத்தான். ஸ்பிண்டிலில், அதாவது டூலைச் சுழற்றும் தண்டில், மாட்டி ஜாப்பின் விளிம்பைத் தொட்டு இடம் காணும் கருவி அது; முனை ஸ்பிரிங்கில் நிற்கும். இடையில் தொட்டதும் விளக்கு எரியும் வகையும் வாங்கிப் பார்த்தேன். அது டிராயரில் தூங்குகிறது. அதைச் சுற்றாமல் தொட வேண்டும் என்பதால், அதைப் பிடிக்கும் ஹோல்டரில் 0.02 மி.மீ. ஆட்டம் இருந்தால் அதுவும் ஆஃப்செட்டில் (மெஷினில் பதியும் ஜீரோ அளவில்) வந்து உட்கார்ந்துவிடும். பிளாஸ்டிக் ஜாப் என்றால் மின்சாரம் கடத்தாது, விளக்கே எரியாது. பழையது சுற்றிக்கொண்டே தொடுவதால் ஸ்பிண்டில் மையம் சரியாகக் கிடைக்கிறது.

முனை முதலில் தள்ளாடும். மெஷினை நகர்த்தும் ஹேண்டிலை கிளிக்குக்கு 0.01 மி.மீ. என்று மாற்றி, கிளிக் கிளிக்காக நெருங்கினால் ஆட்டம் அடங்கி ஒரே தண்டுபோல நிற்கும். அடுத்த கிளிக்கில் சடாரென்று பக்கவாட்டில் ஒதுங்கும். அந்த இடம்தான் கணக்கு. ஆட்டம் அடங்கியதுமே அளவெடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும்.

சுழலும் வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 1000 சுற்று வரை போதும். ஒருநாள் முந்தைய ஜாப்பின் எஸ்4000 (4000 சுற்று வேகம்) அப்படியே இருக்க, கவனிக்காமல் ஸ்டார்ட் அழுத்திவிட்டேன். முனை விசிறி அடித்து, ஸ்பிரிங் இழுபட்டுத் தொங்கியது. நல்லவேளை, கதவு மூடியிருந்தது. இப்போது இருப்பது மாற்று ஸ்பிரிங்.

அதைவிட அதிகம் என்னைக் கவிழ்த்தது கூட்டல் கழித்தல் குறிதான். இடது விளிம்பைத் தொட்டால் ஸ்பிண்டில் மையம் ஜாப்புக்கு வெளியே முனையின் பாதி, அதாவது 5 மி.மீ. தள்ளி நிற்கிறது, ஜாப் ஜீரோவைப் பதியும் ஜி54 பக்கத்தில் எக்ஸ்-5. என்று அடித்து மெஷர் அழுத்த வேண்டும். கழித்தலை விட்டால் 10 மி.மீ. தப்பு. அதனால் ஜீரோ எடுத்ததும் ஃபைண்டரை நன்றாக மேலே தூக்கி, எம்டிஐ-யில் (கட்டளையை நேரடியாக அடிக்கும் முறை) எக்ஸ்0 ஒய்0 கொடுத்து, மூலைக்கு நேர் மேலே நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பத்து நொடி வேலை.

அளவு தப்பும்போதெல்லாம் பாவம், ஃபைண்டரைத்தான் திட்டினேன். தேடிப் போனால் பெரும்பாலும் விளிம்பில் பிசிறு, இல்லையென்றால் ஜாப்பைப் பிடிக்கும் வைஸின் ஜாவுக்கும் (தாடைக்கும்) ஜாப்புக்கும் நடுவே ஒரு சிப், அதாவது வெட்டிய சீவல். இப்போது ஒய் ஜீரோவை அசையாத ஜா பக்கமே வைக்கிறேன். அடுத்த துண்டின் அகலம் கொஞ்சம் மாறினாலும் ஜீரோ நகராது.

உயரத்துக்கான இசட் மட்டும் இதனால் எடுக்க முடியாது. அதற்கு 10 மி.மீ. டவல் பின்னை (துல்லியமான உருளைத் துண்டு) ஜாப்பின் மேல் உருட்டி, டூலை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போவேன். அந்தப் பின் எந்த கிளிக்கில் டூலின் அடியில் நுழைகிறதோ அங்கே இசட்10. டூலைக் கீழே இறக்கிக்கொண்டே பின்னைத் தேய்த்துப் பார்ப்பவர்களிடம் கார்பைடு முனை நிறைய உடைந்திருக்கும்.