பின்னட்டையைப் பார்த்து வாங்குங்கள்

போன மாதம் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். அவனுக்கு 11 வயது. கடை விசாலமானது, உட்கார்ந்து படிக்க இடம் உண்டு, பில் போடுகிறவர்களும் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் ‘சிறுவர்’ என்று பலகை மாட்டிய அலமாரியில், அமர் சித்திரக் கதையும் டின்டினும் இருக்கிற அதே தட்டில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மங்காக்களையும் (ஜப்பானியப் படக்கதைகள்) சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். பையன் அட்டைப்படத்தில் சொக்கிப்போய் ஒன்றை உருவினான். நான் நடுவில் பிரித்தால் வெட்டுப்பட்ட உடல், பக்கம் முழுக்க ரத்தம். ஊழியரைக் கேட்டேன். “காமிக்ஸ்தானே சார், பசங்க படிக்கிறதுதான்” என்றார்.

அந்தப் புத்தகத்திலேயே பதில் இருந்தது. விஸ் மீடியா என்ற பதிப்பகம் வெளியிடும் மங்காக்களின் பின்னட்டையில் வயதுக் குறி ஒன்று இருக்கும்: ‘ஏ’ என்றால் எல்லோருக்கும், ‘டி’ 13 வயது முதல், ‘டி ப்ளஸ்’ 16 முதல், ‘எம்’ 18 முதல். மங்கா வலமிருந்து இடமாகப் போவதால் நாம் வழக்கமாகப் புத்தகத்தைப் பிடிக்கிற விதத்தில் பின்னட்டைதான் மேலே வரும், குறி தானாகக் கண்ணில் படும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஒரே ஒரு ஆசை, வன்முறையா, ஆபாசமா, கெட்ட வார்த்தையா என்ற காரணத்தையும் அட்டையிலேயே ஒரு வரி போட்டுவிடலாம். எந்த வீட்டில் எதை அனுமதிப்பது என்பது அந்தந்த வீட்டுக்காரர் முடிவு, அதற்கு எழுத்து மட்டும் போதாது.

வயதுக் குறி என்றாலே சென்சார் என்று பதறுகிற காமிக்ஸ் நண்பர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் 1954இல் வந்த ‘காமிக்ஸ் கோடு’ என்ற பதிப்பாளர்களின் விதித்தொகுப்பு வயதே பார்க்கவில்லை, எல்லாப் புத்தகமும் குழந்தைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று முத்திரை குத்தியது. 1971இல் போதைப் பழக்கத்தின் கேட்டைச் சொன்ன ஸ்பைடர்மேன் கதைக்குக்கூட முத்திரை கிடைக்காமல், மார்வெல் பதிப்பகம் அது இல்லாமலேயே வெளியிட்டது. 2001இல் மார்வெல் அந்த முத்திரையை விட்டுவிட்டு சொந்தமாக வயதுக் குறி போட ஆரம்பித்தது, 2011இல் இன்னொரு பெரிய பதிப்பகமான டிசியும் வெளியேறியது. வயதுக் குறி இருந்தால் பெரியவர்களுக்கான கதையைப் பெரியவர்களுக்கு என்றே சொல்லி விற்கலாம். எனக்கு வேண்டியதும் அதுதான்: யாரும் எதையும் வெட்ட வேண்டாம், பதிப்பகமே வயதை அச்சிடட்டும். நம் ஊரில் ஓடிடி தொடருக்கே 7, 13, 16 என்று போடுகிறார்கள், படக்கதைக்குப் போடுவதில் என்ன கஷ்டம்?

ஆனால் குறி போட்டும் கடைக்காரர் பார்க்காவிட்டால் என்ன பிரயோஜனம்? மேலாளரிடம் பின்னட்டையைக் காட்டிச் சொன்னேன், “அடுக்கும்போது பார்க்கச் சொல்றேன் சார்” என்றார். பையன் ‘ஏ’ போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வரும்வரை தலை நிமிரவில்லை. கடைக்கு இப்போதைக்கு 5க்கு 3.