லிச்செஸ் டேபிள்பேஸ்: யானைக்கு எதிரே ஒற்றைச் சிப்பாய்

சதுரங்கத்தில் யானை ஒரு பக்கம், சிப்பாய் மறுபக்கம் என்று நிற்கும் இறுதி ஆட்டங்களை அலச, லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் டேபிள்பேஸைத்தான் (நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தளம்) எல்லோருக்கும் சொல்வேன். இலவசம், விளம்பரமும் கிடையாது. பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களுக்குள் இருந்தால் போதும், எந்த நகர்த்தல் வெற்றி, எது டிரா என்று பிசகாமல் காட்டிவிடும்.

நான் முதலில் வைத்துப் பார்த்தது சாவேத்ரா நிலை. 1895-ல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றின் சதுரங்கப் பத்தியில், அதை எழுதிவந்த பார்பியே இதை டிரா என்றுதான் போட்டார். அதன் திருப்புமுனைக் கட்டம் இது, வெள்ளையின் முறை: வெள்ளை ராஜா சி2, சிப்பாய் சி7. கறுப்பு ராஜா ஏ1, யானை டி4. சிப்பாயை ராணியாக்கினால் யானை சி4-க்கு வந்து செக் சொல்லும், அதை ராணி வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமே இல்லை, ஸ்டேல்மேட், அதாவது டிரா. ஆனால் சாவேத்ரா என்ற பாதிரியார் ராணி வேண்டாம், யானையாக்கு என்றார். ஏ8-ல் மேட் மிரட்டல், கறுப்பு யானை ஏ4-க்கு ஓடிவர, வெள்ளை ராஜா பி3. யானையை வெட்டவும் சி1-ல் மேட் வைக்கவும் ஒரே சமயத்தில் மிரட்டல், முடிந்தது! டேபிள்பேஸிலும் அப்படியே, ராணி டிரா, யானை வெற்றி.

ஒன்று மட்டும், ஏன் டிரா என்று அது விளக்காது, நாமேதான் யோசிக்க வேண்டும். அதனால் நான் விடையை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் பலகையையே பார்ப்பேன், அப்புறம்தான் திறப்பேன். யானைக்கு எதிரே ஆறாம் வரிசையில் ஒட்டி நிற்கும் இரண்டு சிப்பாய்களை வைத்து, ராஜாவை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பாருங்கள், முடிவு எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்று தெரியும்.