நேரத்தை அளப்பதா, கட்டளைகளை எண்ணுவதா?

ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய பார்சர் (உரையின் அமைப்பைப் பகுத்தறியும் நிரல்) நூலகம் ஒன்றின் வேகம், ஒவ்வொரு நிரல் மாற்றத்தின்போதும் குறையாமல் இருக்கிறதா என்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தானாகவே சோதிக்க வேண்டியிருந்தது. இதற்கு, ஓடும் நேரத்தை அளக்கும் கிரைட்டீரியன், செயலி நிறைவேற்றிய கட்டளைகளை எண்ணும் கேஷ்கிரிண்ட் என்ற இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து, இரண்டாவதையே வைத்துக்கொண்டேன்.

கிரைட்டீரியனை நிறுவுவது எளிது, வரைபடங்களும் தருகிறது, விண்டோஸிலும் ஓடும். இவற்றில் கேஷ்கிரிண்ட் பின்தங்கியே இருக்கிறது.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது பொய் எச்சரிக்கைதான். கிரைட்டீரியன் இயல்பாக 3 விநாடி நிரலை அளக்காமல் ஓட்டிச் சூடேற்றி, பின்னர் ஏறக்குறைய 5 விநாடிகளில் 100 மாதிரிகள் எடுத்து, முந்தைய ஓட்டத்துடன் புள்ளியியல் முறையில் ஒப்பிடுகிறது. இந்தக் கணக்கு ஒரே ஓட்டத்துக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். நேற்றைய ஓட்டம் ஒரு செயலியிலும் இன்றையது வேறொன்றிலும் நடந்தால், அந்த வேறுபாட்டையும் நிரலின் குற்றமாகவே காட்டும். வாடகை மெய்நிகர் இயந்திரங்களில் இது அன்றாட நிலை என்பதால், அத்தகைய இடங்களில் தன்னை நம்ப வேண்டாம் என்று கிரைட்டீரியனின் ஆவணமே சொல்கிறது. காரணமில்லாமல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், உண்மையான சரிவு வரும் நாளில் அதை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கட்டளை எண்ணிக்கையோ பக்கத்து இயந்திரத்தின் சுமையால் மாறுவதில்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் குழுவினர் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான மேம்பாடுகளைக் கேஷ்கிரிண்டால் அளந்து சேர்த்துச் சேர்த்தே, 2014-இல் வந்த 3.8.7 பதிப்பை 3.7.17-ஐ விட ஏறக்குறைய 50 விழுக்காடு வேகமாக்கினார்கள். கடிகாரத்தில் அத்தனை சிறிய வேறுபாடு தெரியவே தெரியாது. ரஸ்ட் கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) வேகத்தைக் கண்காணிக்கும் குழுவும் முதன்மையாகக் கட்டளை எண்ணிக்கையையே பார்க்கிறது.

இதற்கும் பராமரிப்பு உண்டு. ரஸ்டின் ஹேஷ்மேப் என்ற தரவு அமைப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு விதையை (தற்செயலான தொடக்க எண்ணை) எடுப்பதால் எண்ணிக்கை மாறும்; சோதனையில் அதை நிலைப்படுத்த வேண்டும். புதிய கம்பைலர் வந்தால் எண்ணிக்கை மாறும். ஆகவே நிரலின் பழைய கிளை (மாற்றத்துக்கு முந்தைய பதிப்பு), புதிய கிளை இரண்டையும் ஒரே வேலையில், ஒரே கம்பைலரில் தொகுத்து ஒப்பிடுகிறேன். கேஷ்கிரிண்டில் ஓட்டம் பல மடங்கு மெதுவாகும் என்றாலும், ஒரு முறை ஓடினால் போதும்.

நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரமும் வட்டில் எழுதும் நேரமும் கட்டளை எண்ணிக்கையில் தெரியாதவை; அவற்றுக்காக, வெளியீட்டுக்கு முன் வேறு வேலையில்லாத ஒரு கணினியில் கிரைட்டீரியனையும் ஓட்டுகிறேன். பல திரிகளில் (இணையாக ஓடும் பகுதிகளில்) இயங்கும் நிரல்களில் என் அனுபவம் குறைவு. கேஷ்கிரிண்ட் இயங்கும் தளமான வால்கிரிண்ட் ஒரு நேரத்தில் ஒரு திரியை மட்டுமே ஓட்டுவதால், பூட்டுக்காக (ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒரு திரி மட்டும் தொட விடும் ஏற்பாட்டுக்காக) திரிகள் போட்டியிடும் நிரலுக்கு இதே தேர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன்.